கறிவேப்பிலைக் கன்றுக்கு ஒரு பழஞ்சேலை

எங்க வீட்டுப் பொடக்காலி



இந்தத் தடவை பனியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் எங்க வீட்டுக்காரர் சிரித்தார். "துடியலூர்ல உக்காந்துக்கிட்டு பனியைப் பத்தி நீ என்னத்தைக் கண்டே?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். மார்கழியில் விடிகாலை வாசல் தெளித்துக் கோலம் போடும்போது விரல் கொஞ்சம் விறைக்கும். மேட்டுப்பாளையம் ரோட்டில் பால்காரர் காதில் துண்டைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போவார். எங்க ஊர்க் குளிர் அவ்வளவுதான். ஒரே ராத்திரியில் செடியை வேக வைத்துவிடும் பனியை இங்கே யாரும் பார்த்ததில்லை.

ஆனால் நான் பார்த்திருக்கிறேன். அதோடு, எங்க ஊர் அனுபவத்தை நம்பி நான் சொன்ன யோசனைகளால் என் மகள் பட்ட கஷ்டத்தையும் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளோ மருமகளோ ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் என்று வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தால், இதைப் படித்துவிட்டு அவர்களுக்கும் சொல்லுங்கள்.

சில வருஷங்களுக்கு முன் நடந்தது. மூத்த மகளுக்கு இங்கேதான் தலைப்பிரசவம். பெண் குழந்தை. ஐந்தாம் மாதம் முடிந்ததும் மாப்பிள்ளை வேலை பார்க்கும் ஊட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அது புரட்டாசிக் கடைசி. குழந்தைக்கு ஸ்வெட்டர், குல்லா, கம்பளி எல்லாம் எடுத்து வைத்தேன். அதோடு பொடக்காலியிலிருந்து ஐந்தாறு செடியும் கொடுத்தனுப்பினேன். துளசி, குண்டுமல்லி, நாலு தக்காளி நாற்று, ஒரு கறிவேப்பிலைக் கன்று.

அந்தக் கறிவேப்பிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் கல்யாணமாகி வந்த வருஷம் என் மாமியார் தன் கையால் நட்ட மரம் அது. இன்றைக்கும் கிணற்றடியில் நிற்கிறது. அத்தை இப்போது இல்லை. மரத்தின் வேரில் முளைத்த கன்று ஒன்றைத்தான் மகளுக்குத் தொட்டியில் வைத்துக் கொடுத்தேன்.

புது ஊரில் அவளுக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. மாப்பிள்ளை காலையில் போனால் இருட்டித்தான் வருவார். மழையும் மூடுபனியுமாகப் பத்து நாள் சூரியன் முகமே தெரியாது. துவைத்த குழந்தைத் துணி காயாது. தினமும் காலையில் போன் செய்வாள். குழந்தையைப் பற்றி நாலு வார்த்தை, அப்புறம் செடியைப் பற்றித்தான் பேச்சு. "அம்மா, கறிவேப்பிலை ரெண்டு கொழுந்து விட்டிருக்கு," "தக்காளி பூ வச்சிருக்கு." அவள் குரல் தெளிவாக இருப்பது அந்த நேரத்தில்தான். எனக்கும் அதுவே நிம்மதியாக இருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். அம்மா அல்லவா? யோசனை சொல்ல ஆரம்பித்தேன்.

ஐப்பசியில், "கடலைப் புண்ணாக்கை ஊற வச்சு ஊத்து கண்ணு, தளதளன்னு வரும்" என்றேன். கார்த்திகை பிறந்து குளிர் ஏறியதும், "குளிர்ல தண்ணி ஊத்தாதே, வேர் அழுகிப் போயிடும்" என்றேன். ராத்திரி நெம்பக் குளிருகிறது என்றாள். "பிளாஸ்டிக் பையைக் கவுத்து, காத்துப் போகாம இறுக்கிக் கட்டிவிடு" என்றேன். மூன்றும் தப்பு என்று எனக்கு அப்போது தெரியாது.

நவம்பர் கடைசி வாரம். மழை நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. விடிந்ததும் போன் வந்தது. எடுத்ததுமே அழுகை. "அம்மா, எல்லாம் வெந்து போச்சும்மா!"

குழந்தைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று எனக்கு உடம்பெல்லாம் ஆடிவிட்டது. அப்புறம்தான் செடியைச் சொல்கிறாள் என்று புரிந்தது. காலையில் கதவைத் திறந்தால் முற்றத்துப் புல்லெல்லாம் உப்பைக் கொட்டியது போல் வெள்ளையாம். வெயில் பட்டு வெள்ளை கரைந்ததும், தக்காளி இலை கொதிக்கும் தண்ணீர் ஊற்றிய கீரை மாதிரி துவண்டு கறுத்துவிட்டது. துளசியும் அப்படியே. கறிவேப்பிலையில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருந்த இலையெல்லாம் கருகிவிட்டது. "இந்த ஊர்ல எதுவும் பொழைக்காதும்மா. நானும் பாப்பாவும் அங்கேயே வந்துடறோம்" என்றாள்.

அவள் வெசனம் எனக்குப் புரிந்தது. மனசு பதறியதில் நான்காவது யோசனையையும் சொன்னேன். அதை எழுதவே கை கூசுகிறது. "தொட்டியெல்லாம் ராத்திரி படுக்கிற ரூமுக்குள்ள எடுத்து வச்சிக்கோ. ஒரு சட்டியில கரி நெருப்புப் போட்டு ஓரமா வை, கதவைச் சாத்திக்கோ. செடிக்கும் பிள்ளைக்கும் கதகதப்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்!

மறுநாள் முதல் பஸ் பிடித்து, மேட்டுப்பாளையம், பர்லியார், குன்னூர் என்று ஏறி ஊட்டி போய்ச் சேர்ந்தேன். மகள் வீட்டில் ஒரு படுகர் வீட்டுப் பாட்டி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேல் வீட்டுக்காரர். எழுபது வயசுக்கு மேல் இருக்கும். வெள்ளை உடுத்தி, தலையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் மகள் கரி கேட்டுப் போயிருக்கிறாள். எதற்கு என்று விசாரித்த பாட்டி கரி கொடுக்கவில்லை. கூடவே இறங்கி வந்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

"சாத்தின ரூம்ல கரி நெருப்பு வச்சுத் தூங்கினா காலையில யாரும் எழுந்திருக்க மாட்டாங்க" என்று என்னிடம் அமைதியாகச் சொன்னார். எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். குளிர் ஊர்களில் இப்படி உயிர் போன செய்திகள் பேப்பரில் வந்திருக்கின்றன. நானும் படித்திருப்பேன். நம் வீட்டுக்கு அது வரும் என்று யார் நினைக்கிறோம்? சகோதரிகளே, இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பிள்ளை தூங்கும் அறைக்குள் கரி அடுப்போ விறகுக் கணப்போ வேண்டவே வேண்டாம்.

அந்தப் பாட்டியிடமும் மாப்பிள்ளையிடமும்தான் பனி என்றால் என்ன என்று பாடம் கேட்டுக்கொண்டேன்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கோயமுத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர் உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். இங்கே ராத்திரி 18 டிகிரி என்றால் அங்கே ஆறு டிகிரியாவது இருக்க வேண்டுமே! பூஜ்யத்துக்கு வந்தால்தானே தண்ணீர் உறையும்?

மாப்பிள்ளை விளக்கினார். "அத்தை, வெப்பமானியை ஆள் உயரத்துல பெட்டிக்குள்ள வச்சுத்தான் அளப்பாங்க. புல்லு இருக்கிற தரையில அதைவிட மூணு நாலு டிகிரி குறைஞ்சு போகும்" என்றார். பகலெல்லாம் வெயிலில் சூடேறிய மண், ராத்திரி அந்தச் சூட்டை ஆகாயத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் போர்வை மாதிரி தடுத்து நிறுத்தும். மழை நின்று, மேகம் கலைந்து, காற்றும் அசையாத ராத்திரியில் தடுக்க ஒன்றுமில்லை. சூடு முழுக்கப் போய்விடும். செடிக்குள் இருக்கும் நீர் உறைந்து, அதன் நுண்ணிய அறைகள் கிழிந்துவிடுகின்றன. அதனால்தான் வெயில் ஏறியதும் வெந்த கீரையாகிறது.

இன்னொன்றும் கேட்டேன். பாட்டி வீடு முப்பது அடி மேலேதான் இருக்கிறது. அவர் வீட்டு முட்டைக்கோசுக்கு ஒன்றும் ஆகவில்லை. எப்படி? குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். மகள் வீடு இருந்தது பள்ளத்தில். ஊட்டியிலும் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்களில்தான் புல் வெள்ளையாகிக் கிடப்பதை அதிகம் பார்க்கலாம்.

இதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. பனி மேலேயிருந்து விழுகிறது, செடிக்குச் சூடு கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மை வேறு. பூமியின் சூடு போய்விடுகிறது. நாம் சூடு எதையும் கொடுக்க வேண்டாம், மண்ணில் இருக்கிறதைப் போகவிடாமல் பிடித்து வைத்தால் போதும். அதற்கு நெருப்பு எதற்கு? ஒரு பழைய துணி போதுமே!

மறுநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். 1848ல் உண்டாக்கின பழைய பூங்கா. மே மாதம் மலர்க் காட்சி நடக்குமே, அதற்கான செடிகளைக் குளிர்காலத்திலிருந்தே காப்பாற்றியாக வேண்டும். பாத்தி பாத்தியாக மலர்ச் செடிகளின் மேல் கோத்தகிரி மிலார் என்ற செடியின் தழையை வெட்டிவந்து கூடாரம் போல் மூடியிருந்தார்கள். புல்தரைக்குக் காலையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்களாம். தேயிலைத் தோட்டங்களில் இளஞ்செடிகளையும் இப்படித் தழை போட்டு மூடுவதுண்டு. அங்கே இடையிடையே நிற்கும் சில்வர் ஓக் மரங்களும் வெயிலுக்கு நிழலாக மட்டும் நிற்கவில்லை. ராத்திரியில் மண்சூட்டைக் கொஞ்சம் தடுத்துக் கொடுக்கின்றன.

நீலகிரியின் சோலைக் காடுகளிலும் இதே கதைதானாம். சோலை மரத்தின் கன்று திறந்த புல்வெளியில் உறைபனிக்குத் தாங்காது. பெரிய மரங்களின் அடியில்தான் பிழைத்து வளரும். அதனால்தான் மலை மடிப்புகளில் காடும் வெளியில் புல்லுமாகத் தனித்தனியே நிற்கின்றன என்று தாவரம் படித்தவர்கள் சொல்கிறார்கள்.

அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்தோம். நான் செய்த தப்புகளையும் பாட்டி சொன்ன திருத்தங்களையும் வரிசையாக எழுதுகிறேன்.

1. மண்ணைக் காய விடாதீர்கள். ஈரமண் பகலில் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி மெல்ல மெல்ல விடும். காய்ந்த மண்ணுக்கு அந்தச் சக்தி குறைவு. பனி வரும் என்று தெரிந்தால் அன்று வெயில் இருக்கும்போதே வேருக்குத் தண்ணீர் விடுங்கள். சேறாக வேண்டாம், ஈரம் போதும். இலையை நனைக்காதீர்கள்.

2. ஐப்பசியோடு புண்ணாக்கு, யூரியா எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். உரம் போட்டால் இளங்கொழுந்து வரும். பனிக்கு முதல் பலி இளங்கொழுந்துதான். நான் ஊற்றச் சொன்ன புண்ணாக்குத் தண்ணீர்தான் மகளின் செடியைப் பனிக்குத் தயாராக்கிக் கொடுத்தது!

3. மூடுவதற்குப் பருத்திச் சேலை, பழைய வேட்டி, போர்வை, சணல் சாக்கு எல்லாம் நல்லது. செடியைச் சுற்றி மூன்று நான்கு குச்சி நட்டு, அதன் மேல் துணியைப் போடுங்கள். துணி இலையில் படக்கூடாது. தரை வரை தொங்க வேண்டும். ஓரத்தில் கல்லை வைத்துவிடுங்கள். தலையை மட்டும் மூடிக் கீழே திறந்து விட்டால் பிரயோசனமில்லை. சூடு வருவது மண்ணிலிருந்து அல்லவா?

4. பிளாஸ்டிக் இலையில் ஒட்டினால் அந்த இடம் கருகும். அது ஒன்றுதான் இருக்கிறது என்றால், உள்ளே துணி போட்டு அதன் மேல் பிளாஸ்டிக்கைப் போடுங்கள்.

5. பொழுது சாய்வதற்குள் மூடுங்கள். நன்றாக இருட்டிய பிறகு மூடினால் பாதிச் சூடு போயிருக்கும். காலையில் வெயில் ஏறிப் பனி கரைந்ததும் எடுத்துவிடுங்கள். பகலில் மண் வெயில் வாங்கினால்தான் ராத்திரிக்குச் சூடு இருக்கும்.

6. தொட்டிச் செடிகளைச் சுவர் ஓரமாக, கூரை இறவாணத்துக்குக் கீழே நெருக்கி வையுங்கள். பகல் வெயில் படும் கல் சுவர் ராத்திரியில் கொஞ்சம் சூடு கொடுக்கும். பள்ளமான மூலையில் வைக்காதீர்கள்.

7. கறுத்த இலையையும் கிளையையும் உடனே வெட்டாதீர்கள். இதைப் பாட்டி இரண்டு தடவை சொன்னார். வெட்டினால் செடி அவசரப்பட்டுப் புதுக் கொழுந்து விடும். அடுத்த பனியில் அதுவும் போகும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் காய்ந்த கிளை அடிக்கட்டைக்கு ஒரு மறைப்பு. குளிர் முழுக்கப் போனபின், பிப்ரவரி தாண்டி, நகத்தால் கீறிப் பார்த்துப் பச்சை தெரிகிற இடம் வரை வெட்டலாம்.

8. காலண்டரைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். மார்கழி, தையில் பனி கடுமையாக இருக்கும் என்பது சரி. ஆனால் நவம்பரிலேயே வந்துவிடும். பாட்டி பார்ப்பது ஆகாயத்தைத்தான். சாயங்காலம் மேகமில்லாமல், இலை அசையாமல், நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால் அன்றைக்கே மூடிவிடு என்றார்.

அமெரிக்காவில் ஃபுளோரிடா என்று ஒரு மாகாணம். நம்மைப் போல வெயில் பூமிதான். ஆரஞ்சும் ஸ்ட்ராபெரியும் விளைகிற இடம். என்றைக்காவது ஒரு ராத்திரி உறைபனி வந்தால் அங்கே விவசாயிகள் செடி மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்களாம். தண்ணீர் பனிக்கட்டியாக உறையும்போது கொஞ்சம் வெப்பத்தை வெளிவிடுகிறது, அது செடியைக் காக்கிறது. ஆனால் பனி கரையும் வரை நிறுத்தாமல் தெளிக்க வேண்டும். பாதியில் நின்றால் சும்மா இருந்ததைவிடக் கெடுதல். ஆகையால் வீட்டில் பூவாளியோடு அதை முயற்சிக்க வேண்டாம். நமக்குத் துணிதான் சரி.

துணி என்றதும் மகள் வீட்டில் பழசு எதுவும் இல்லை. புதுக் குடித்தனம் அல்லவா? கடைசியில் குழந்தைக்குத் தூளி கட்டியிருந்த சேலைதான் கிடைத்தது. அது என் மாமியாரின் சுங்குடிச் சேலை. என் மகளுக்கும் அதில்தான் தூளி கட்டினோம். குழந்தைக்கு என் சேலை ஒன்றை மாற்றிக் கட்டிவிட்டு, அதை எடுத்துக் கறிவேப்பிலைக்குப் போட்டோம். மகள் குச்சி நட்டாள், நான் துணி போட்டேன், பாட்டி கல் வைத்தார். "இது எந்த ஊர் மரம்?" என்று பாட்டி கேட்க, மகள் தன் அப்பத்தா கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். ஊட்டிக்குப் போனபின் அவள் வெளியாள் ஒருவரிடம் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தானாம்.

நான் பத்து நாள் இருந்தேன். மூன்று ராத்திரி புல் வெளுத்தது. கிளம்பும்போது மகள் கூட வருகிறேன் என்று சொல்லவில்லை. "சாயங்காலம் யாரும்மா செடியை மூடுவாங்க?" என்றாள்.

எல்லாம் பிழைத்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தக்காளி போயிற்று. குண்டுமல்லி போயிற்று. துளசியும் போயிற்று, காய்ந்த கதிரிலிருந்து விதையை உதிர்த்துச் சித்திரையில் மறுபடி போட்டாள். கறிவேப்பிலை மூன்று மாதம் வெறும் குச்சியாக நின்றது. பங்குனியில் ஒரு நாள் போன் செய்து, "அம்மா, அடியில செவப்பா ஒரு முளை வந்திருக்கு" என்றாள். நான் போனை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் மரத்தைத் தொட்டுவிட்டு வந்தேன்.

இன்றைக்கும் அது தொட்டியில்தான் இருக்கிறது. எங்க ஊரைப் போல மரமாகாது. முழங்கால் உயரம்தான். ஒரு ரசத்துக்குத் தாளிக்க இலை கிடைக்கும். பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். ஐப்பசி மழை விட்டதும் அவள்தான் போன் செய்கிறாள். "அமுச்சி, இன்னிக்கு நட்சத்திரம் நெறைய இருக்கு. சேலை போட்டாச்சு!"

நம் சமவெளிச் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. நமக்கு உறைபனி இல்லை. ஆனாலும் குளிர் மாதங்களில் குண்டுமல்லி ஓய்வெடுக்கும். பூக்கவில்லையே என்று உரத்தைக் கொட்டாதீர்கள். நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்துவிட்டுப் பேசாமல் விடுங்கள். வெயில் ஏறியதும் தானே பூக்கும். காலையில் பனி ஈரம் காயாமல் இருக்கும்போது இலையில் தண்ணீர் தெளித்தால் பூஞ்சண நோய்கள் வரும். வேருக்கு மட்டும் விடுங்கள்.

குளிர் ஊர்களில் குடித்தனம் நடத்தும் சகோதரிகள் தங்கள் வீட்டு முறைகளை எனக்கு எழுதுங்கள். நான் இன்னும் கற்றுக்கொள்கிறவள்தான். போனில் யோசனை சொல்லும்போது மட்டும் இப்போதெல்லாம் கொஞ்சம் நிதானித்து, "அங்கே பெரியவங்க யாராச்சும் இருந்தா ஒரு வார்த்தை கேட்டுக்க கண்ணு" என்று சேர்த்துக்கொள்கிறேன்.